இப்போது என்ன படிக்கிறீங்க?

 

சந்தைக்குப் போய் வந்தவரைப் பார்த்தால், "என்ன வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். வெளியூர் போய் வந்தவரைப் பார்த்தால், "அங்கே மழை உண்டா?" என்று கேட்கிறார்கள். சினிமா பார்த்து வந்தவரைக் கேட்கவே வேண்டாம். முழுக் கதையையும் வாங்கிக்கொண்டுதான் விடுகிறார்கள். ஆனால், "இப்போது என்ன புத்தகம் படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்பது உண்டா? அபூர்வம்தான்.

அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

கேள்வி சிறியது. ஆனால் அதில் அடங்கியிருக்கும் விஷயம் பெரியது. இரவு நேரத்தில், வேலைக் களைப்போடு வந்து உட்கார்ந்து எழுத்துக் கற்றவர்கள் பலர். கையெழுத்துப் போட்டார்கள். பஸ்ஸில் ஊர்ப் பெயரைத் தாங்களே படித்தார்கள். பிறகு வகுப்பு முடிந்தது. பாடப் புத்தகம் பரணுக்குப் போனது. சும்மா கிடக்கும் அரிவாள் துருப்பிடிக்கும். படிக்காமல் விட்ட எழுத்தும் அப்படித்தான். இரண்டு வருடம் போனால் பஸ் போர்டு தடுமாறும். மறுபடியும் மை டப்பாவைத் தேட வேண்டி வரும். அத்தனை பாடும் வீணாகிவிடும்.

எழுத்து மறக்காமல் இருக்க ஒரே வழி படிப்பதுதான். படிக்க வேண்டும் என்றால் ஆசை வர வேண்டும். அந்த ஆசை எங்கிருந்து வரும்? "படி, படி" என்று சொன்னால் வராது. பக்கத்து வீட்டு அக்கா, "ஒரு கதை படிச்சேன். ராத்திரி தூக்கமே வரலை" என்று சொன்னால் வரும்.

அடுக்களையில் ஒளித்த ஏடு

வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்று ஒரு பெண் இருந்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய காலம். பெண் படித்தால் தாலி நிலைக்காது என்று பலரும் நம்பிய காலம் அது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் நடந்தது. பெரிய குடும்பம். விடிந்தது முதல் நள்ளிரவு வரை சமையலும் பிள்ளைகளும்தான்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வீட்டில் 'சைதன்ய பாகவதம்' என்ற நூல் இருந்தது. அதைத் தானே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். யாரிடமும் சொல்லப் பயம். ஒருநாள் அந்த நூலிலிருந்து ஓர் ஏட்டை மட்டும் எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்தார். மகன் எழுத்துப் பழகிய பனை ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து எது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். சமையல் நடுவே கிடைத்த நேரத்தில், யாரும் வராத வேளையில், இப்படியே படிக்கக் கற்றார்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. படித்ததைச் சொல்லி மகிழவும் ஆள் இல்லை. பிற்காலத்தில் அவருடைய நாத்தனார்களுக்கு விஷயம் தெரிந்தது. திட்டுவார்களோ என்று பயந்தார். அவர்களோ மகிழ்ந்தார்கள். தங்களுக்கும் படிக்க ஆசை என்றார்கள்! ஒரே வீட்டில் இருந்த பெண்கள். எல்லோர் மனதிலும் ஒரே ஆசை. வாய் திறந்து பேசாததால் ஒருவருக்கொருவர் தெரியவில்லை.

ராசசுந்தரி பிறகு தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதினார். 'அமார் ஜீபன்' என்பது அதன் பெயர். 'என் வாழ்க்கை' என்று பொருள். வங்காள மொழியில் ஒரு பெண் எழுதிய முதல் சுயசரிதை என்று அதைச் சொல்கிறார்கள்.

கைகளுக்கு பீடி, காதுகளுக்குக் கதை

அடுத்து கேரளத்துக்கு வருவோம். அங்கே கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் தொழில் பெரிதாக நடந்தது. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். கைக்கு ஓயாத வேலை. காதும் மனதும் சும்மாதான் இருந்தன. அதனால் தங்களில் ஒருவரைப் படிக்கச் சொன்னார்கள். காலையில் செய்தித்தாள் படித்தார்கள். பிறகு கதைகளும் நாவல்களும் படித்தார்கள். அவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் இலையை மடித்தபடி கேட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பீடிக்கு எண்ணிக்கைப்படி கூலி. படிக்கிறவர் பீடி சுற்ற முடியாதே, அவருக்குக் கூலி எப்படி? மற்றவர்கள் தாங்கள் சுற்றிய பீடியில் கொஞ்சம் எடுத்து அவர் கணக்கில் சேர்த்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கே போதாத கூலி. அதிலிருந்து எடுத்து வாசிப்புக்குக் கொடுத்தார்கள் என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! யோசித்துப் பாருங்கள்.

1969-இல் அந்தத் தொழிலாளர்களுக்காகக் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அங்கேயும் இந்த வழக்கம் நடந்தது. பிறகு பீடி விற்பனை குறைந்தது. சங்கம் குடை, உணவுப் பொருள் என்று வேறு தொழில்களிலும் இறங்கியது. ஆனால் அந்தக் கூடங்களில் நடந்த வாசிப்பை இன்றும் பேசுகிறார்கள். எழுத்துத் தெரியாத தொழிலாளியும் உலகச் செய்தியை விவாதித்தார். கேட்டதைப் பற்றிப் பேசினார்கள். பேசியதால் இன்னும் கேட்க ஆசை வந்தது.

இதே கேரளத்தில் பி. என். பணிக்கர் என்ற ஆசிரியர் இருந்தார். ஊர் ஊராகப் போய் நூலகம் தொடங்கச் சொன்னார். 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். "படித்து வளருங்கள்" என்பதுதான் அவர் மக்களிடம் சொன்ன மந்திரம். 1995 ஜூன் 19-இல் அவர் காலமானார். அடுத்த வருடத்திலிருந்து கேரளத்தில் ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஸ்ட்ராபெர்ரி ஊர், புத்தக ஊர்

மகாராஷ்டிர மாநிலத்தில் சாதாரா மாவட்டம் இருக்கிறது. அங்கே மலைமேல் பிலார் என்று ஒரு சிற்றூர். ஸ்ட்ராபெர்ரி பழம் விளைவிக்கும் ஊர். 2017 மே மாதம் மாநில அரசு அதைப் 'புத்தக ஊர்' ஆக்கியது. முதலில் 25 இடங்களில் சுமார் 15,000 மராத்திப் புத்தகங்களை வைத்தார்கள். பல இடங்கள் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் வீடுகள்தான். ஒரு வீட்டில் கதை, இன்னொன்றில் வரலாறு, மற்றொன்றில் குழந்தைகள் புத்தகம் என்று பிரித்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம். காசு கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புத்தகம் பூட்டிய அலமாரியில் இல்லை. வீட்டுக்குள், ஆட்கள் நடமாடும் இடத்தில் இருக்கிறது. புத்தகம் இருக்கும் இடத்தில் பேச்சும் இருந்தால், அந்த இரண்டும் சேர்ந்து படிக்கிற ஆளைக் கொண்டுவரும்.

புத்தகத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

"படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்பார்கள் சிலர். ஓர் உதாரணம் பாருங்கள்.

பிரேம்சந்த் என்று ஓர் எழுத்தாளர். 1880-இல் பிறந்தார். 1936-இல் மறைந்தார். இந்தியிலும் உருதுவிலும் எழுதினார். ஏழை எளியவர்களைப் பற்றி நிறைய எழுதினார். அவர் எழுதிய கதை ஒன்றின் பெயர் 'ஈத்கா'. அதைப் படித்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்:

"ஹமீத் என்று ஒரு சின்னப் பையன். அப்பா அம்மா இல்லை. பாட்டிதான் வளர்க்கிறாள். ஈத் பெருநாளைக்குத் திருவிழா பார்க்கப் போகிறான். கையில் மூன்றே பைசா. கூட வந்த பையன்கள் மிட்டாய் வாங்குகிறார்கள், மண் பொம்மை வாங்குகிறார்கள். இவனுக்கும் ஆசைதான். ஆனால் இவன் இரும்புக் கடைக்கு முன்னால் நிற்கிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுட்டுக்கொள்வது இவனுக்கு நினைவு வருகிறது. அங்கே ஓர் இடுக்கி இருக்கிறது. இடுக்கியோடு வீட்டுக்கு வந்தபோது பாட்டி என்ன செய்தாள் தெரியுமா? அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள்."

அவ்வளவுதான். யாரைப் பற்றிய கதை என்று சொன்னார். எந்த இடம் மனதைத் தொட்டது என்று சொன்னார். முடிவைச் சொல்லாமல் விட்டார். கேட்டவர் இனிமேல் அந்தப் புத்தகத்தைத் தேடாமல் இருப்பாரா?

அதே கதையை நாலு பேர் படித்தால் நாலு விதமாகப் பேசுவார்கள். "பையன் கெட்டிக்காரன்" என்பார் ஒருவர். "சின்ன வயதில் விளையாட முடியாமல் போச்சே, பாவம்" என்பார் இன்னொருவர். "எங்க பாட்டி ஞாபகம் வந்தது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார் மற்றொருவர். இதில் எது சரி, எது தப்பு? எல்லாமே சரிதான். இது பரீட்சை இல்லை. மார்க்கும் இல்லை.

புத்தகம் என்றால் கதை மட்டும் இல்லை. ஆடு வளர்ப்புப் புத்தகம் படித்தவர் அதைச் சொல்லட்டும். கிராம சபை பற்றிப் படித்தவர் அதைச் சொல்லட்டும். சமையல் குறிப்பு, பக்திக் கதை, விடுகதைப் புத்தகம் எதுவானாலும் சரி. பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். "பாதி படித்தேன். மனசு ஒட்டலை, வைத்துவிட்டேன்" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒருவருக்குக் கசப்பது இன்னொருவருக்கு இனிக்கலாம்.

நூலகத் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு ஏற்ற வாசகர் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆனால் புத்தகத்துக்குக் கால் இல்லை. அது தானாக நடந்து வராது. படித்தவரின் வாய்ச்சொல்தான் அதற்குக் கால்.

தடைகளும் வழிகளும்

"நேரம் இல்லை" என்று சொல்வது பொய்யில்லை. வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முப்பது நாளில் முப்பது பக்கம். சிறு புத்தகம் ஒன்று முடிந்துவிடும்.

"எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது" என்று கூச்சப்படுகிறவர் உண்டு. ராசசுந்தரியும் ஒவ்வோர் எழுத்தாகத்தான் தொடங்கினார். பெரிய எழுத்தில் அச்சான, படம் போட்ட புத்தகத்தை முதலில் எடுங்கள். இரண்டு பேராகச் சேர்ந்து படியுங்கள். ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் கைகொடுக்கலாம்.

இன்னொரு விஷயம். நாற்பது வயதுக்குமேல் பலருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருக்கும். "எழுத்து மறந்துபோச்சு" என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். எழுத்து மறக்கவில்லை. கண்ணுக்குத்தான் கண்ணாடி தேவை. அரசு மருத்துவமனையிலோ கண் சிகிச்சை முகாமிலோ காட்டுங்கள். ஒரு கண்ணாடி போட்டதும் புத்தகம் மறுபடியும் பக்கத்தில் வந்துவிடும்.

வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பீடித் தொழிலாளர்கள் காதால் கேட்டே அறிவு பெற்றார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம், "இன்றைக்கு உன் புத்தகத்தில் என்ன கதை?" என்று கேளுங்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் படிப்பதைப் பார்க்கிற பிள்ளைக்குப் படிப்பு பாரமாகத் தெரியாது.

எனவே ஒரு சிறு ஏற்பாடு. வாரம் ஒருநாள் எல்லோரும் இங்கே கூடுங்கள். பத்துப் பேர் வந்தால் போதும். வட்டமாக உட்காருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். மூன்று விஷயம் சொன்னால் போதும். புத்தகத்தின் பெயர் என்ன? எந்த இடம் பிடித்தது? அதை யார் படித்தால் நல்லது? சொல்லி முடித்ததும் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் வீடு வீடாகச் சுற்றி வரட்டும். அழுக்குப் படிந்தால் கவலை இல்லை. பலர் கை பட்ட புத்தகம்தான் அழுக்காகும்.

மேசைமேல் புத்தகங்கள் இருக்கின்றன. இன்று ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நாளை கிணற்றடியிலும் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: "இப்போது என்ன படிக்கிறீங்க?"