ஆகாயத்துக்கு ஒரு நியாயம், பூமிக்கு ஒரு நியாயமா?

(அவனியாபுரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



போன கூட்டம் முடிந்து கலைகிற நேரத்தில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். "தம்பி, என் மகன் துபாய்க்குக் கொத்து வேலைக்குப் போகிறான். பிளேன் ஓட்டுகிறவன் குடித்துவிட்டு ஓட்டினால் அவனை ஜெயிலில் போடுவார்களா, மாட்டார்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தோழர் சிரித்துவிட்டார். "நமக்கும் பிளேனுக்கும் என்ன ஆத்தா சம்பந்தம்?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சம்பந்தம் இருக்கிறது. பெருங்குடி விமான நிலையத்தில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவன் யார்? வட்டிக்கு வாங்கி டிக்கட் எடுத்த நம் வீட்டுப் பிள்ளை. ஓடுபாதையை நீட்டுவதற்கு நிலம் கேட்கப்பட்டவர்கள் யார்? 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் ஊரோடு திரண்டு நின்றதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். நிலம் நம்முடையது, பிரயாணியும் நம் பிள்ளை. அப்படியானால் ஓட்டுகிறவன் எந்த நிலையில் ஓட்டுகிறான் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

விமானம் ஓட்டுவது விளையாட்டல்ல. 1971 டிசம்பர் 9ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டார்கள். அங்கே குடிப் பேச்சே இல்லை. பார்வை சரியாகத் தெரியாத வானிலையில் இறங்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். தெளிந்த புத்தியோடு இருப்பவனுக்கே அந்த மலை இத்தனை அபாயம் என்றால், புத்தி தடுமாறியவனுக்கு எப்படி இருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு விதிப்படி விமானம் கிளம்புவதற்கு முன் 12 மணி நேரத்துக்கு விமானி மதுவைத் தொடக் கூடாது. குழலில் ஊதிக் காட்ட வேண்டும். லாரி டிரைவருக்கு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் வரை சட்டம் விட்டுக் கொடுக்கிறது. விமானிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. இது சரி.

ஆனால் அகப்பட்டால் என்ன நடக்கிறது? முதல் தடவை மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம். இரண்டாம் தடவை மூன்று வருஷம். மூன்றாம் தடவைதான் லைசென்ஸ் ரத்து. இது இலாகா கொடுக்கும் தண்டனை. சிறைக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. ஆபத்து விளையும்படி வேண்டுமென்றே விமானம் ஓட்டினால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 1934ஆம் வருஷத்து விமானச் சட்டமே சொன்னது. 2025 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் ஊதும் சோதனையில் தோற்றவன் விஷயம் பெரும்பாலும் இலாகா ஆபீசோடு முடிகிறது, கோர்ட்டு வாசலுக்கு வருவது அபூர்வம்.

இப்போது பூமிக்கு வாருங்கள். கப்பலூர் ரோட்டில் ஒரு லாரி டிரைவர் குடித்துவிட்டு ஓட்டி அகப்பட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரயில் ஓட்டுகிற தொழிலாளி போதையில் வேலை பார்த்துப் பிரயாணிகளுக்கு ஆபத்து உண்டாகும் நிலை வந்தால், 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் ஒரு வருஷம் வரை சிறை என்கிறது.

லாரி டிரைவருக்குக் கோர்ட்டு. ரயில் டிரைவருக்குக் கோர்ட்டு. பின்னால் நூற்றைம்பது உயிர்களை உட்கார வைத்துக்கொண்டு முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கிறவனுக்கு இலாகா கடிதமா? இதுதான் என் முதல் கேள்வி.

ஒரே மாதம், இரண்டு ஊர்

2018 நவம்பர் 11. அன்று டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போக வேண்டிய ஏர் இந்தியா விமானத்தின் கேப்டன் ஊதும் சோதனையில் தோற்றார். மறுசோதனையிலும் தோற்றார். அவர் சாதாரண விமானி அல்ல. விமானிகளுக்கெல்லாம் மேலே இருந்த இயக்குநர். சோதனையைத் தட்டிக் கழித்ததற்காக 2017லேயே மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர். அதே 2017லேயே அவருக்கு அந்த இயக்குநர் பதவி கிடைத்தது! இரண்டாம் முறை அகப்பட்ட பிறகு லைசென்சை மூன்று வருஷம் நிறுத்தினார்கள், பதவியிலிருந்தும் அகற்றினார்கள்.

அதே நவம்பர் மாதக் கடைசியில் லண்டனில் ஒரு தீர்ப்பு. ஜப்பான் ஏர்லைன்ஸ் துணை விமானி ஒருவர் டோக்கியோவுக்குக் கிளம்ப இருந்தார். அங்கே விமானிக்கு 20 மில்லி கிராம்தான் எல்லை. அவர் ரத்தத்தில் 189 இருந்தது. அவர் விமானத்தை ஓட்டவில்லையே, யாருக்கும் சேதமில்லையே என்று கோர்ட்டு விட்டுவிடவில்லை. பத்து மாதம் சிறை. அவரைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பெரிய அதிகாரி அல்ல. விமானச் சிப்பந்திகளை ஏற்றி வந்த பஸ் டிரைவர். வாடை அடித்தது, உடனே சொல்லிவிட்டார்.

வாய் மூடியதால் வந்த வினை

இன்னொரு டிரைவரின் கதையும் சொல்ல வேண்டும். 1977 ஜனவரி 13. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஆங்கரேஜ் என்ற ஊர். ஜப்பானுக்கு மாடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு விமானம் கிளம்ப வேண்டும். கேப்டனை அழைத்து வந்த டாக்சி டிரைவர், இந்த ஆள் நிதானத்தில் இல்லை என்று கண்டார். தம் ஆபீசுக்குச் சொன்னார். அங்கிருந்து விமானத்தைக் கவனிப்பவர்களுக்கும் தகவல் போனது. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. கூட வந்த விமானிகளும் கேப்டனை எதிர்த்து வாய் திறக்கவில்லை. மேலே எழும்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் விழுந்தது. ஐந்து பேர் மாண்டார்கள். மூவர் விமானிகள். மற்ற இருவர் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். உங்களையும் என்னையும் போல மாட்டுக்குத் தீனி வைத்துப் பிழைப்பவர்கள்! ஓட்டத் தெரியாது, தடுக்க அதிகாரமில்லை. குடித்தவனும் செத்தான், குடிக்காத கூலிக்காரனும் செத்தான்.

விசாரணை நடத்தியவர்கள் கேப்டனின் போதையோடு விடவில்லை. கூட இருந்தவர்கள் தடுக்கத் தவறியதும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். இந்த வரியைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இளவயதில் ஒரு மில்லில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தேன். எந்த மில் என்பது இங்கே முக்கியமல்ல. எங்கள் ஜாபர் தங்கமான மனுஷன். ஆனால் ராத்திரி ஷிப்டுக்குக் குடித்துவிட்டு வருவார். நாங்கள் அவரை மறைத்தோம். நம்ம ஆளை நாமே காட்டிக் கொடுப்பதா என்று நினைத்தோம். ஒரு நாள் ராத்திரி ஒரு பையன் மெஷினுக்குள் கைவிட்டுத் துடைத்துக் கொண்டிருக்கும்போது ஜாபர் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். மூன்று விரல்கள் போயின. அந்தப் பையன் யார்? அவனும் நம்ம ஆள்தானே! ஜாபரின் வேலையைக் காப்பாற்றினோம். பையனின் கையைப் பறிகொடுத்தோம். அது ஒற்றுமை அல்ல தோழர்களே. அந்த ராத்திரி சும்மா நின்றவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் எல்லாரையும் சிறையில் அடைப்பதா?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். குழலில் ஊதியதும் முள் கொஞ்சம் அசைந்தால் உடனே விலங்கு மாட்டு என்று நான் சொல்லவில்லை. வாய் கொப்பளிக்கும் மருந்திலும் மது உண்டு. அதனால்தான் மறுசோதனை வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் குடித்தது முழுக்க இறங்காமல் முதல் தடவை அகப்பட்டு, விமானத்தில் ஏறுவதற்கு முன்பே நிறுத்தப்பட்டவனுக்கு லைசென்ஸ் நிறுத்தமே பெரிய அடி. மூன்று மாதம் பிழைப்பு போனால் எப்படி இருக்கும் என்பது கதவடைப்பைக் கண்ட உங்களுக்குத் தெரியும்.

ஆனால் சோதனையை ஏமாற்றிவிட்டு ஓட்டியவன், போதையோடு விமானத்தை மேலே எழுப்பியவன், ஒரு முறை தண்டனை பெற்றும் திரும்ப அதையே செய்தவன், இவர்களைக் கோர்ட்டில்தான் நிறுத்த வேண்டும். சிறை உண்டா, எத்தனை மாதம் என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும். நடவுக்கு இருபது பெண்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு எந்தத் தண்டனை நியாயமோ, அதற்குக் குறையாத தண்டனை இவர்களுக்கும் நியாயம்.

சிறைக்குப் போனவன் வாழ்வு அதோடு முடிய வேண்டும் என்பதும் இல்லை. 1990 மார்ச் 8ஆம் தேதி அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றை மூன்று விமானிகள் குடிபோதையில் ஓட்டிச் சென்றார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனாலும் கேப்டனுக்கு 16 மாதம், மற்ற இருவருக்கும் 12 மாதம் சிறை. அந்தக் கேப்டன் தண்டனையை அனுபவித்தார், குடியை விட்டார், இழந்த லைசென்சுகளை முதலிலிருந்து தேர்வு எழுதித் திரும்பப் பெற்றார். பழைய கம்பெனியிலேயே மறுபடி விமானியானார். 2001இல் அந்நாட்டு ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். தண்டனையும் வேண்டும், திருந்துவதற்கு வழியும் வேண்டும். "எனக்குக் குடிப்பழக்கம் பிடித்துவிட்டது, வைத்தியம் வேண்டும்" என்று தானே முன்வந்து சொல்லும் விமானியை விரட்டக் கூடாது. விரட்டினால் அடுத்தவன் மறைப்பான். மறைத்தவன் ஓட்டுவான்.

கம்பெனிக்கு யார் கணக்குப் பார்ப்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. புத்தியை மங்கச் செய்வது சாராயம் மட்டுமல்ல, தூக்கமில்லாமையும்தான். ராத்திரி ஷிப்டு பார்த்த கண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர வேண்டும், ராத்திரி வேலை குறைய வேண்டும் என்று புதிய விதி வந்தது. அதற்கு ஏற்ப ஆள் சேர்த்துத் தயாராக இருக்காத இண்டிகோ கம்பெனி 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. சனங்கள் விமான நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது? ராத்திரி வேலை விதியில் அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகச் சலுகை கொடுத்தது! குடித்த விமானிக்குச் சிறை என்று கேட்கும் வாயால், தூங்காத விமானியை ஓட்ட வைக்கும் முதலாளிக்கு என்ன என்றும் கேட்க வேண்டும்.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில் இது. ஆத்தா, உன் மகனின் உயிரைக் குடிபோதையில் மேலே தூக்கிக்கொண்டு போனவனைக் கோர்ட்டில் நிறுத்தத்தான் வேண்டும். அவன் இயக்குநரானாலும் சரி, நேற்று வேலையில் சேர்ந்த துணை விமானியானாலும் சரி, தராசு ஒன்றுதான். ஆனால் சிறைக் கதவு விபத்தைத் தடுக்காது. தடுப்பது வேறு. லண்டன் பஸ் டிரைவரைப் போல வாடை அடித்ததும் சொல்லும் வாய் வேண்டும். ஆங்கரேஜ் டாக்சி டிரைவர் சொன்னபோது கேட்டிருக்க வேண்டிய காது வேண்டும். சொன்னவனின் வேலை போகாது என்ற உத்தரவாதம் வேண்டும்.

அந்த வாய் நம் மில்லிலும் வேண்டும், நம் களத்துமேட்டிலும் வேண்டும். அடுத்த முறை உங்கள் ஷிப்டில் ஒருவர் தள்ளாடி வந்தால் மெஷின் பக்கம் விடாதீர்கள். கையைப் பிடித்து வெளியே உட்கார வையுங்கள். அது காட்டிக் கொடுப்பது அல்ல. ஒரு பையனின் மூன்று விரல்களைக் காப்பாற்றுவது.