மனையும் மண்ணும்



'இல்' என்னும் ஒரு சொல்லிலிருந்து இல்லம், இல்லாள், இல்லறம் எனக் கிளைத்த மொழி தமிழ்மொழி. முற்றம், திண்ணை, கூடம், தாழ்வாரம், இறவாரம், முகடு, தூலம் என வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழன் பெயரிட்டு வைத்தான். அப்பெயர்களில் பலவற்றை இன்று அகரமுதலியில் தேட வேண்டியுள்ளதே, ஏன்? பிறமொழிக் கலப்பு மட்டும் இதற்குப் பொறுப்பன்று. பொருள் மறைந்தது, சொல் அதன் பின்னே போயிற்று. முற்றமில்லாத வீட்டிற் பிறந்த குழந்தை முற்றம் என்னும் சொல்லை எங்கே கற்கும்?

அவ்வுறுப்புகள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல, வேலை செய்தவை. முற்றத்தில் வெம்மையுற்ற காற்று மேலெழுந்து வெளியேறும். அவ்விடத்தை நிரப்பத் தாழ்வார நிழலின் குளிர்ந்த காற்று வரும். தாழ இறங்கிய இறவாரம் வெயிலும் சாரலும் சுவரிற் படாமற் காத்தது. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கும். அவ்வெப்பம் உட்புறத்தை எட்டுமுன் பொழுது சாய்ந்துவிடும். இன்றைய கற்காரைப் பெட்டியோ பகலெல்லாம் காய்ந்து, இரவில் தூங்குவோர் மேல் அனலைப் பொழிகிறது. அதைத் தணிக்க ஒரு குளிரூட்டி. அது தெருவில் தள்ளும் வெப்பம் அண்டை வீட்டுக்காரனுக்கு!

செட்டிநாட்டு வளவுகளைப் பலர் எடுத்துக்காட்டுவர். அவற்றின் முற்றங்களும் சுண்ணச்சாந்துப் பூச்சும் போற்றத்தக்கவையே. ஆனால், அவற்றின் தேக்கு பருமாவிலிருந்தும் சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் வந்தன. மண்ணுக்கேற்ற வீட்டுக்கு அவற்றினும் நல்ல சான்று, அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களின் நாட்டோட்டு வீடுகளே. திண்ணையைப் புகழுமிடத்தும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வழிப்போக்கனுக்கென்று கட்டிய திண்ணையிற் சாதி பார்த்தே இடங்கொடுத்த ஊர்கள் உண்டு. கட்டட முறையை மீட்க வேண்டும். அந்தக் கயமையை மீட்க வேண்டுவதில்லை.

சிமிட்டி எனப்படும் பைஞ்சுதைக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திற் சுட்டே அது ஆக்கப்படுகிறது. மாந்தர் செயலால் உலகில் வெளியேறும் கரிவளியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இத்தொழிலினது. சுண்ணாம்புச் சூளைக்கு ஏறத்தாழ 900 பாகை போதும். அதுவும் கரிவளியை விடுவதே. எனினும், கல்லிலிருந்து பிரிந்த கரிவளியிற் பெரும்பகுதியைச் சுண்ணச்சாந்து இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப ஏற்றுக்கொள்கிறது.

இதனை உணர்ந்து கட்டியவர் இலாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர். ஐந்து கல் தொலைவிற்குள் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்டுக என்ற காந்தியாரின் கருத்தைத் தம் தொழிலுக்கு வழியாகக் கொண்டார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' அவர் பரப்பிய முறை. அதனாற் செங்கல் ஏறத்தாழக் காற்பங்கு மிஞ்சும். அவ்வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். ஓர் ஆங்கிலேயன் வந்து நம் நிலத்துக் கட்டுமானத்தின் அருமையைக் காட்ட வேண்டியிருந்தது என்பதில் தமிழனுக்கு நாணம் வேண்டும்.

இனி மழைநீர். நூறு சதுர மீட்டர் மேற்றளத்தில் ஒரு செண்டிமீட்டர் மழை பெய்தால் அது ஆயிரம் இலிட்டர் நீர். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய்கள் பொருத்தப்பட்டன, பலவிடங்களில் அவை தூர்ந்தும் போயின. 2019 கோடையில் சென்னை வறண்டது. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவந்தனர். அந்தக் குழாயடியின் மணலையும் சல்லியையும் ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன், வெளியே எடுத்துக் கழுவியிட ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பே வேண்டும்.

மனை வாங்கியோர் வரைபடம் போடுமுன் தம் ஊரின் முதிய கொத்தனாரைக் கண்டு பேசுக. வெயில் அறையும் மேலைச் சுவரை எப்படித் தடிப்பது, காற்றுவரும் பக்கம் எது, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரிற் சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்கவிடுவது என்பவற்றை அவர் கைப்பழக்கமாக அறிவார். அவர் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்க. அவருக்கு இப்போது அகவை எழுபதைக் கடந்திருக்கும்.