விலைக்கு ஒரு பழைய கார்

கையிலே பணம் இருந்தால் புதிய கார் ஒன்றை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். பழைய கார் ஒன்றை விற்பதற்கோ ஒரு மாதமும் போதாமற் போவதுண்டு. விளம்பரம் வெளியான காலை முதல் தொலைபேசி ஓயாது ஒலிக்கும். கேட்போர் பலர், பார்ப்போர் பலர், வாங்குவோரை மட்டும் காண முடியாது. உங்களில் பெரும்பாலோர் மாணவர். சொந்தமாகக் கார் வைத்திருப்போர் அல்லர். ஆயினும், வீட்டிலுள்ள பழைய வண்டியை விற்றுவிடலாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தால், விளம்பரம் எழுதுவதும், கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதும், அழைப்போருக்கு விடை சொல்வதும் உங்கள் பொறுப்பாகவே வந்து சேரும். ஆகவே இப்பொருளைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பயனற்றதாகாது.

விற்பவருடைய காலத்தை வீணாக்குவோரை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வேடிக்கை பார்ப்பவர்கள். இவர்களுக்கு வாங்கும் எண்ணமே இல்லை. ஆனால் காரைப் பற்றிப் பேசுவதில் அளவற்ற ஆசை. கதவைத் திறந்து மூடுவர். ஹாரனை அழுத்திப் பார்ப்பர். ஊரைச் சுற்றி ஒரு வலமும் வருவர். காப்பி அருந்திவிட்டு, "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்று விடைபெறுவர். இரண்டாம் வகையினர் விலை வேட்டைக்காரர். வண்டியைக் கண்ணாலும் காணாமல், "கடைசி விலை என்ன?" என்பார்கள். மலிவாகக் கிடைத்தால் வாங்கி, மறுநாளே வேறொருவர் தலையில் கட்ட நினைக்கும் தரகர்களும் இவர்களுள் உண்டு. மூன்றாம் வகையினரோ உண்மையாகவே வாங்க விரும்புவோர். கையிலே பணம் உண்டு. நெஞ்சிலே ஐயமும் உண்டு. முதல் நாள் தனியே வருவார். மறுநாள் மைத்துனருடன் வருவார். மூன்றாம் நாள் மெக்கானிக்கை அழைத்து வருவார். நான்காம் நாள் வரவே மாட்டார்.

முதல் இரு வகையினரை விலக்குவது எளிது. மூன்றாமவரை இழந்தால் நட்டம் நமக்கே. அவரை இப்படி அலைய வைப்பது எது?

மாட்டுச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பார். நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். காருக்குப் பல் இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிவிடும் வஞ்சகரும் உலகில் உண்டு. மோதி நசுங்கிய பகுதியைத் தட்டிச் சீராக்கிச் சாயம் பூசிவிட்டால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது நீரில் மூழ்கிய கார்கள் பல; துடைத்து உலர்த்தி நிறுத்திவிட்டால் அவற்றை அடையாளம் காண்பது கடினம். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஐயத்தின் வேர் இதுவே.

இந்த வேரை ஆராய்ந்தவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். பழுதான காரை 'எலுமிச்சை' என்று குறிப்பது அமெரிக்கர் வழக்கு. எலுமிச்சைகளின் சந்தை என்பதைத் தலைப்பிலே கொண்ட அவருடைய கட்டுரை, மூன்று பத்திரிகைகளால் மறுக்கப்பட்ட பின்னர், 1970-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2001-ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அவருடைய வாதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். சந்தையிலே பத்துக் கார்கள் நிற்கின்றன என்று கொள்வோம். ஐந்து நல்லவை, அவற்றின் மதிப்பு தலைக்கு இரண்டு லட்சம் ரூபாய். ஐந்து பழுதானவை, அவற்றின் மதிப்பு ஒரு லட்சம். எது நல்லது, எது பழுது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவர் நடுவாக ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்வார். நல்ல காரின் சொந்தக்காரர் அந்த விலைக்கு இசையாமல் வீடு திரும்புவார். பழுதான காரை வைத்திருப்பவரோ மகிழ்ச்சியோடு தலையசைப்பார். நாளடைவில் சந்தையில் எஞ்சுவன பழுதான கார்களே. இதை அறிந்த வாங்குபவர் மேலும் விலையைக் குறைப்பார். ஒருவர் செய்யும் மோசடியால் நட்டமடைவது ஏமாந்தவர் மட்டும் அன்று. நேர்மையான விற்பனையாளர் அனைவருமே என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் நேர்மையானவர் என் செய்வது? வாங்குபவர் தேடிக் கண்டுபிடிக்கப் போகும் குறையைத் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான். "நல்ல நிலையில் உள்ள கார், உடனே அணுகவும்" என்னும் விளம்பரம் ஒன்றையும் சொல்லவில்லை. ஆகையால் எல்லோரையும் அழைக்கிறது. இதைப் பாருங்கள்: "2014-இல் வாங்கிய கார். உரிமையாளர் ஒருவரே. 68,000 கிலோமீட்டர் ஓடியது. இடப்புறப் பின்கதவில் கீறல் உண்டு. ஏ.சி. கோடையில் மந்தமாக வேலை செய்யும். பழுதுபார்த்த ரசீதுகள் உள்ளன. விலை இவ்வளவு. மாலை 4 மணி முதல் 6 மணி வரை பார்க்கலாம்." இப்படி எழுதினால் வருவோர் குறைந்துவிடுவரே என்று அஞ்ச வேண்டா. குறையத்தான் வேண்டும். கீறலைக் காரணம் காட்டித் திரும்பக்கூடியவர் வீட்டிலிருந்தபடியே திரும்பிவிடுவார். குறையை அறிந்தும் வருபவரே வாங்க வருபவர்.

தொலைபேசியில் அழைப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கார் எப்பொழுது தேவை? பணம் கைவசம் உள்ளதா, வங்கிக் கடனா? எந்த ஊரில் பதிவு செய்யப் போகிறீர்கள்? வேடிக்கை பார்ப்பவருக்கு இவற்றுக்கு விடை இராது. "கடைசி விலை என்ன?" என்பவருக்கு, "வண்டியைப் பார்த்த பிறகு பேசலாம்" என்பதே தக்க மறுமொழி.

பார்க்க வருபவர், தம் மெக்கானிக்கை முதல் வருகையிலேயே அழைத்து வரட்டும் என்று நாமே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருகைகள் மிச்சமாகும். இஞ்சினை முன்கூட்டியே சூடேற்றி வைக்கலாகாது. குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை அவர் காணட்டும். ஓட்டிப் பார்க்க விரும்பினால் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, உடன் ஒருவர் அமர்ந்து செல்வது முறை. சாவியைத் தனியே கொடுத்தனுப்புவது தாராள மனம் ஆகாது, கவனக்குறைவே ஆகும்.

விலை படிந்த பின்னும், "எனக்காக வைத்திருங்கள், அடுத்த வாரம் வருகிறேன்" என்பார் சிலர். இதற்கு நம் முன்னோர் சந்தையிலே கண்ட மருந்து அச்சாரம். சிறு தொகையானாலும் சரி. அதற்கு ரசீது எழுதி, எத்தனை நாளைக்கு வண்டி அவருக்காகக் காத்திருக்கும் என்பதையும் குறித்துக் கொடுக்க வேண்டும். குறையை ஒளிக்காமற் சொல்வது விற்பவர் காட்டும் அடையாளம். அச்சாரம் வாங்குபவர் காட்டும் அடையாளம். வாய்ச்சொல்லை விட, செய்தவருக்குச் சிறிது இழப்பைத் தரக்கூடிய செயலே நம்பத்தக்கது.

பணம் பெறுவதிலும் விழிப்பு வேண்டும். பணம் அனுப்பியதாகக் காட்டும் குறுஞ்செய்தி பணம் ஆகாது. வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததை நாமே பார்க்க வேண்டும். கைபேசி வழியாகப் பணம் பெறுவதற்கு நம்முடைய ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. அதைக் கேட்பவர் காரை வாங்க வந்தவர் அல்லர்.

இனி முக்கியமான செய்தி ஒன்று. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணியதோடு விற்பனை முடிந்துவிடவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கென 29, 30 ஆகிய எண்களுள்ள படிவங்கள் உள்ளன. வண்டி வேறு மாநிலம் செல்வதானால் தடையில்லாச் சான்று தேவை. கடனில் வாங்கிய காராயின், கடன் தீர்ந்த பின்னும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருக்கக்கூடும். அதை நீக்கிவிட்ட பிறகே விளம்பரம் செய்வது நலம்.

இந்த வேலையைச் சோம்பலால் தள்ளிப்போட்டால் என்ன நேரும்? ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். அது பலரிடம் கைமாறியது. பதிவேட்டில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே நின்றது. 2009-இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாயிற்று. நட்டஈடு கொடுக்க வேண்டியவர் யார் என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று 2018-இல் தீர்ப்பாயிற்று. விற்றுவிட்டோம் என்று மறந்துபோன காருக்காகப் பல ஆண்டுகள் கழித்துப் பொறுப்பேற்க நேர்ந்தது. ஆகவே, பெயர் மாற்றத்துக்கு ஒத்துழைக்கத் தயங்குபவர் எவ்வளவு விலை தந்தாலும், அவருக்கு விற்காமல் இருப்பதே அறிவுடைமை.

நேயர்களே, நாம் விற்கும் வண்டியில் நாளை வேறொரு குடும்பம் பிரயாணம் செய்யப் போகிறது. பிரேக் தளர்ந்திருப்பதை மறைத்து விற்றால், அந்தக் குறை வண்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. சொல்லி விற்றால், ஒரு மெக்கானிக் அதை ஒரே நாளில் சரிசெய்துவிடக்கூடும். விளம்பரத்திலே அந்த ஒரு வரியை எழுத நமக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.