வழிகாட்டும் தொழிலும் வாலிபர்களும்

(கள்ளக்குறிச்சியில் வாலிபர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தில் பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், படித்துவிட்டு உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கும் நமது வாலிபர்கள் “லைஃப் கோச்” என்று சொல்லப்படும் தொழிலுக்குப் போகலாமா, கூடாதா என்பதாகும். இது என்ன பட்டணத்துச் சமாசாரம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று செல்போன் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அதைத் திறந்தவுடன், “மூன்று நாள் பயிற்சிக்கு வாருங்கள், பணம் கட்டுங்கள், சான்றிதழ் வாங்குங்கள், நாலாம் நாளிலிருந்து நீங்களே பிறர் வாழ்க்கைக்கு வழிகாட்டலாம், இலட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்” என்ற விளம்பரம் வந்து நிற்கிறது. தகப்பனார் மரவள்ளிக் கிழங்கு விற்ற பணத்தையும், தாயார் மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் கொண்டுபோய் அங்கே கட்டலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள். ஆகவே இது சிரித்துத் தள்ளக்கூடிய விஷயமல்ல.

முதலில் இந்தத் தொழில் இன்னதென்று பார்ப்போம். “கோச்” என்னும் சொல் ஹங்கேரி தேசத்தில் கோச் என்னும் கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பேரால் வந்தது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ் கலாசாலைகளில், பிள்ளைகளைப் பரீட்சை என்னும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாத்தியாருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகு பந்தாட்டம், ஓட்டப் பந்தயம் சொல்லிக்கொடுப்பவருக்கு அந்தப் பெயர் வந்தது. இதுவரையில் ஒரு தகராறும் இல்லை. கணக்கு வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும்; நீச்சல் வாத்தியாருக்கு நீச்சல் தெரியும். இப்போது வந்திருப்பவரோ வாழ்க்கைக்கே வாத்தியார் என்கிறார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியது என்ன? யார் அவரைப் பரீட்சை செய்தது?

இந்தக் கேள்விக்கு நமது நாட்டில் பதில் கிடையாது. மனநோய்க்குச் சிகிச்சை செய்யும் மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் வருஷத்து மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி படித்துப் பதிவு செய்துகொள்ளவேண்டும். வைத்தியருக்குப் பதிவு உண்டு. வக்கீலுக்குப் பதிவு உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூட லைசென்ஸ் உண்டு. ஆனால் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்வதற்கு எந்தச் சட்டப்படியான படிப்பும் பதிவும் வேண்டியதில்லை. 1995-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஒரு சர்வதேசச் சங்கம் சில ஒழுங்குகளை ஏற்படுத்திச் சான்றிதழ் கொடுத்து வருகிறது. அது தனியார் சங்கமே ஒழிய சர்க்கார் அதிகாரம் பெற்றதல்ல. அதில் சேராமலும் தொழில் நடத்தலாம்.

நிற்க, இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் எல்லோருமே மோசக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யோக்கியமானவர்களும் இருக்கலாம். ஆனால் யோக்கியனையும் அயோக்கியனையும் பிரித்துப் பார்க்க ஜனங்களுக்கு ஒரு அளவுகோலும் இல்லாத தொழில், அயோக்கியனுக்கே அதிக லாபமாக இருக்கும் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. புரோகிதமும், சோதிடமும், குறி சொல்லுதலும் அப்படித்தானே வளர்ந்தன?

“இல்லை, அவர் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே சரியாக இருந்ததே!” என்று சிலர் சொல்லுவார்கள். சோதிடனிடம் போய்வந்தவர்களும் இதையேதான் சொல்லுகிறார்கள். 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தமது வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, பிறகு ஒவ்வொருவர் கையிலும் “இதுதான் உன்னுடைய குணம்” என்று ஒரு காகிதம் கொடுத்தார். அது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மார்க்குப் போடச் சொன்னார். சராசரியாக 5-க்கு 4.26 மார்க்குப் போட்டார்கள்! பிறகு பார்த்தால், 39 பேருக்கும் ஒரே காகிதம். அதிலிருந்த வாக்கியங்களும் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. “உன்னிடம் வெளிவராத திறமை இருக்கிறது, சில சமயம் உன்மேலேயே உனக்குச் சந்தேகம் வருகிறது” என்று சொன்னால் எவன்தான் இல்லை என்பான்? ஆகவே, கேட்கிறவன் தலையாட்டுவது சொல்லுகிறவனுடைய அறிவுக்கு அத்தாட்சியாகாது.

இனி இந்தத் தொழில் பள்ளிக்கூடத்திற்குள் நுழைந்த கதையைக் கேளுங்கள். 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், சென்னையில் அரசினர் பள்ளிக்கூடத்தில் மகாவிஷ்ணு என்னும் பேச்சாளர் ஒருவர் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் பேச்சுப் பேச வந்தார். ஊக்கம் என்ற பேரால் அவர் பேசியது மறுபிறவியும் பாவ புண்ணியமும். ஒருவர் அங்கக்குறைவோடு பிறப்பது முன் ஜென்மத்தில் செய்ததன் பலன் என்பதும்தான். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே ஆட்சேபித்தார். பேச்சாளர் அவரோடு வாக்குவாதத்திற்கு நின்றார். விஷயம் நாடெங்கும் பரவி, செப்டம்பர் மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். தோழர்களே! அந்த ஆசிரியர் வாய் திறவாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? கைதட்டி, சால்வை போர்த்தி, அடுத்த பள்ளிக்கூடத்திற்கு அனுப்பி வைத்திருப்பார்கள்.

ஆனால் எல்லாரும் இவ்வளவு பச்சையாகப் பேசமாட்டார்கள். நாகரிகமான கோச்சு முன் ஜென்மம் என்று சொல்லுவதில்லை. “உன்னுடைய மனநிலைதான் உன் வறுமைக்குக் காரணம், எண்ணத்தை மாற்று, பணம் தானாக வரும்” என்கிறார். பழைய புரோகிதன் உன் கஷ்டத்திற்கு உன் பாவம் காரணம் என்றான். புதிய புரோகிதன் உன் கஷ்டத்திற்கு உன் நினைப்புக் காரணம் என்கிறான். கஷ்டப்படுகிறவன் தலையிலேயே குற்றத்தைச் சுமத்திவிட்டு, அதற்குத் தட்சிணையும் வாங்கிக்கொள்ளுவதில் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

இதை நமது ஜில்லாவிலேயே வைத்துப் பார்க்கலாம். இதோ இந்தக் கல்வராயன் மலையில் மலையாளிகள் என்று சொல்லப்படும் மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லாமல் உழைத்தார்கள். நாடு சுதந்திரமடைந்தது 1947-இல். ஆனால் சர்க்கார் அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது 1976-இல்தான். இடையிலிருந்த அந்த 29 வருஷமும் அம்மக்கள் வெட்டி வேலை செய்தது அவர்களுக்குத் தன்னம்பிக்கை போதாமலா? அவர்களை விடுவித்தது விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று “நான் வெற்றியாளன்” என்று 10 தரம் சொன்னதா, சட்டமா?

அப்புறம் 2024 ஜூன் மாதத்தில் இதே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அவர்களுக்குச் செய்திருப்பது என்ன என்று சர்க்காரைக் கேட்டது. அந்தத் தெருவில் தாலி அறுத்தவளிடத்தில் போய், “அம்மா, நேர்மறையாக நினையுங்கள்” என்று சொல்லுவதற்கு உங்களுக்கு வாய் வருமா? வருமென்றால் அந்த வாயைப் பற்றித்தான் நான் பயப்படுகிறேன்.

இங்கே ஒரு தோழர் என்னை மடக்கலாம். “உங்கள் சுயமரியாதை இயக்கமும் மனதை மாற்று என்றுதானே சொல்லிற்று? மனிதனுக்குத் தன் மதிப்பு வேண்டும் என்பதுதானே அதன் பெயரே?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், “உன்னைக் கீழ்ஜாதி என்று நினைக்கச் செய்தவன் யார்? அதனால் லாபமடைகிறவன் யார்? அதை ஒழிப்பதற்கு என்ன செய்யவேண்டும்?” என்று வெளியே கைகாட்டிக் கேட்கச் செய்ததே சுயமரியாதை. காரணத்தைக் கண்டுபிடிக்க மனதைத் திறப்பது ஒன்று. காரணத்தைக் காணாதபடி மனதுக்குள்ளேயே பூட்டி வைப்பது வேறொன்று. அன்றியும், புரோகிதனில்லாமல் கலியாணம் செய்துகொள்ளலாம் என்று சொன்ன இயக்கம், அந்தப் புரோகிதன் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொண்டு தட்சிணை கேட்கவில்லை. 1967-இல் அக்கலியாணத்தைச் சட்டசம்மதமாக்கினதும் தரகன் தேவையில்லை என்பதற்காகவே.

அப்படியானால் மனக்கஷ்டப்படுகிறவனிடம் உட்கார்ந்து பேசுவதே வீணா என்றால், இல்லவே இல்லை. பேசுவதனால் பலன் உண்டு என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல வைத்தியர் 2006-லிருந்து பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் பெஞ்சியில் உட்காரவைத்து, துயரப்பட்டு வருகிறவர்களோடு பேசச் செய்தார். நமது கோவாவில் சங்காத் என்னும் ஸ்தாபனம், மனநலப் படிப்பு ஏதும் படிக்காத சாதாரண மனிதர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகமாகக் குடிக்கிற ஆண்களோடு அதிகபட்சம் 4 தடவை பேசச் செய்தது. மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, அதற்கு முந்தின 14 நாளும் குடிக்காதிருந்தவர்கள் அப்படிப் பேசப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 18 பேர். இது 2016-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அவர்கள் சொல்லவேண்டிய முறை எழுதி வைக்கப்பட்டிருந்தது. தேர்ந்தவர்கள் மேற்பார்வை செய்தார்கள். பலித்ததா இல்லையா என்று பிறர் எண்ணிப் பார்த்தார்கள். கஷ்டப்படுகிறவனிடம் காசு வாங்கவில்லை. நூறு பேரில் 42 பேர் என்று சொன்னார்களே தவிர, எல்லாரையும் கோடீசுவரனாக்குகிறோம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சம்மதிக்கிறவன் தொழிலாளி, சம்மதிக்காதவன் மந்திரவாதி.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் வாலிபர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன் தங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் எது? கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசாரியிடம் போய் யோக்கியதை என்ன என்று கேட்டால், உளியை எடுத்துச் செதுக்கிக் காட்டிவிடுவார். நான் எதைக் காட்டுவேன்? இரண்டாவது, எனக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்கிறவர் தமது சம்பாத்தியத்தை வழிகாட்டிச் சம்பாதித்தாரா, அல்லது என்னைப்போல் வழிகாட்ட வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கியே சம்பாதித்தாரா? பின்னது என்றால் அது கல்வி அல்ல, ஆள் பிடிக்கும் வியாபாரம். மூன்றாவது, சாகவேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவன் என்னிடம் வந்தால், இது என்னால் ஆகாது என்று தெரிந்துகொண்டு வைத்தியரிடம் அனுப்புவேனா? 2022-லிருந்து 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் இனாமாகப் பேசலாம் என்றாவது சொல்லுவேனா? நான்காவது, என்னிடம் வந்தவன் எத்தனை நாளில் என்னை விட்டுப் போவான்? வண்டி என்பது ஊர் வந்தவுடன் இறங்குவதற்காகத்தான். இறங்கவிடாத வண்டிக்காரன் வழிகாட்டியல்ல.

இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் இல்லாமல் பலகை மாட்டிக்கொண்டால், ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகத்தான் முடியும். பல்லி விழுந்தால் பல்லியோடு போயிற்று. நீங்கள் விழும்போது, உங்களை நம்பினவனும் கூட விழுவான்.

பிறருக்கு வழிகாட்டவேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசை. அதை நான் கெடுக்க விரும்பவில்லை. அந்த ஆசை உண்மையானால் உளவியல் படியுங்கள், சமூகப்பணி படியுங்கள், நர்ஸ் வேலைக்குப் படியுங்கள். வருஷக்கணக்கில் ஆகும், ஆகட்டும். அதற்கு வசதியில்லாதவர்களுக்கும் இங்கே வேலை குவிந்து கிடக்கிறது. மலைமேல் ஜாதிச் சான்றிதழ் வாங்கத் தெரியாமல் படிப்பை விட்ட பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் தனக்கு என்ன உரிமை இருக்கிறதென்று அறியாத குடியானவனுக்கு மனு எழுதிக்கொடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொடுங்கள். வெளியூர் வேலைக்கு முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகன் வந்தால், என்ன வேலை, எந்த ஊர், என்ன கூலி என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த தடவை அவனே கேட்டுக்கொள்ளுவான். அதுதான் வழிகாட்டுதல்.

இவ்வளவு நான் சொன்னதையும் நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒப்புக்கொண்டால் நானும் ஒரு கோச்சு ஆகிவிடுவேன். வீட்டிற்குப் போய் யோசித்துப் பாருங்கள். விளம்பரம் செய்கிறவர்களிடமே இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று தோன்றினால் கைக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.