மாட்டுவண்டித் தண்ணீர்ப் பேட்டையில் அம்மன் திருக்கோயில்

(திருவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் சைனாடவுனுக்குச் செல்வோர் பெரும்பாலும் கடைவீதிகளையும் சீனப் புத்தாண்டு விளக்கு அலங்காரங்களையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அவ்வட்டாரத்தைப் பக்தர்களாகிய நாம் எவ்வாறு காண வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அவ்வட்டாரத்தை மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்பர். தண்ணீர் வண்டி என்பது பொருள். சீனர்களோ 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். குழாய்நீர் வருவதற்கு முன்பு மாட்டுவண்டிகளில் நீர் கொண்டு சென்ற காலத்தை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன.

ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கு அமைந்த வரலாற்றிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, அம்மனுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் ஒதுக்கப்பட்டது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே எளிதிற் கிட்டவில்லை. அடுத்துத் தரப்பட்ட இடமும் நகரமைப்புத் திட்டத்திற்கு இசையவில்லை. இறுதியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றுள்ள இடம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய கோயில் எழுந்தது. சிங்கப்பூரின் மிகப் பழைமையான இந்துக் கோயிலாகிய அது, 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கோயிலின் இருபுறமும் செல்லும் தெருக்கள் பகோடா தெரு, டெம்பிள் தெரு எனப்படும். பகோடா என்பது அம்மன் கோயிலின் கோபுரத்தையே குறிக்கும். சீனர் பேட்டையின் இரு தெருக்கள் நம் அன்னையின் ஆலயத்தால் பெயர் பெற்றிருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

அதே சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சற்றுத் தொலைவில், தெலுக் ஆயர் தெருவில், நாகூர் தர்காவும், ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமாகிய மாசுவுக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும் உள்ளன. கடல் தூர்க்கப்படுவதற்கு முன் அத்தெருவே கடற்கரையாக இருந்தது. அலைகடல் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள், தத்தம் மொழியிலும் முறையிலும் அங்கே நன்றி செலுத்தினர். அயலார் வழிபாட்டை மதிக்கும் பண்பை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வாழ்ந்த மண் அது.

அன்பர்களே, சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெருக்கமான கடைவீடுகளில் வாழ்ந்த மக்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். 1989இல் அவ்வட்டாரம் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் நிலைத்தன, ஆனால் அவற்றில் வாழ்ந்தோரில் பலர் அங்கில்லை. பல வீடுகள் சுற்றுப்பயணிகளுக்கான கடைகளாயின.

மாரியம்மன் கோயிலுக்கு அந்நிலை நேரவில்லை. காரணம், வீடு மாறிய அடியார்கள் வழிபாட்டை மாற்றவில்லை. ஐப்பசித் தீமிதித் திருவிழாவில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்தே வந்து பக்தர்கள் பூக்குழி இறங்குகின்றனர். அக்கோயிலில் சீன அன்பர்களும் கைகூப்பி நிற்பதைக் காணலாம். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கும் சிறப்புற நடந்தேறியது.

கட்டடத்தைச் சட்டம் காக்கும். கோயிலை அடியார்களே காக்க வேண்டும். தோட்டங்களையும் பழைய குடியிருப்புகளையும் விட்டு நம் மக்கள் பெயர்ந்துவரும் இந்நாளில், இப்பாடம் நம் ஒவ்வோர் ஆலயத்திற்கும் பொருந்தும். ஆண்டுக்கொரு முறை உபயத்திற்கு மட்டும் வந்தால் போதாது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கோயிலின் கதையைக் கூறுங்கள். சைனாடவுனுக்குச் சென்றால், படம் எடுப்பதற்கு முன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அன்னையின் திருமுன் சற்று நின்று வழிபடுங்கள்.

அம்மன் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்க வேண்டி அமைகின்றேன்.