மன்றாட்டும் நீட்டிய கையும்



2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. சுனாமிப் பேரலை நம் வடசென்னைக் கரையையும் தாக்கிற்று. ‘ஆண்டவரே, ஏன்?’ என்று கதறினோம். அக்கதறலும் செபமே.

இராயப்பரின் பெயரால் வழங்குவது நம் இராயபுரம். கடலில் அமிழ்ந்தபோது அவர் செய்த மன்றாட்டு மிகச் சிறிது. ஆண்டவர் முதலில் கையை நீட்டினார், பின்னரே பேசினார்.

ஆனால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் சில துயர்துடைப்பு முகாம்களில், தாழ்த்தப்பட்டோர் உணவுக்கும் நீருக்கும் ஒதுக்கிவைக்கப்பட்டனர் என்பது பதிவான செய்தி. ஒரே அலையால் அழுதவர்கள் ஒரே பந்தியில் அமரவில்லை. அங்கே செபம் பாதியில் நின்றுவிட்டது.

ஆகவே, துயர நாளில் முழந்தாட்படியிடுவோம். எழுந்ததும், சோறு எட்டாதவர் எவரெனத் தேடிச் செல்வோம். கண்ணீரில் தொடங்கி, நீட்டிய கையில் நிறைவுறுவதே உண்மைச் செபம்.