மண்ணில் எவ்வளவு பாதரசம் இருக்கலாம்?

மேலே மலையில் மண்ணுக்கு நேர்வது கீழே தண்ணீரில் தெரியும் என்பது வாசுதேவநல்லூர் போன்ற அடிவார ஊர்களுக்குப் புதிதல்ல. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. ஆலை போனது, பாதரசம் மண்ணிலேயே தங்கிவிட்டது. அதில் எவ்வளவை அகற்றினால் போதும் என்பதில் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். கடைசியில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று முடிவானது. அது குடியிருப்பு நிலத்துக்கு வகுத்த அளவு.

அந்த அளவுகோல் இந்த மலைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். ஆலை நின்ற இடம் பாம்பார் சோலைக்கு மேலுள்ள சரிவு. மழையில் அரிக்கப்படும் மண் பாம்பாற்றில் சேரும். அந்த ஆறு கும்பக்கரை அருவியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நீரடிச் சேற்றில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்து, மீன் தின்பவரின் நரம்பைத் தாக்கும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்டது இந்தக் கொடுமைதான். அந்த அளவுக்கும் கீழே கொண்டுவர இன்னும் தோண்டினால் மரங்கள் சாயும், அரிப்பு கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் அது மழையில்லாத மாதங்களில், வேரைக் காத்து, கவனமாகத் தோண்டுவதற்குக் காரணமே தவிர, நஞ்சை விட்டுவைப்பதற்கு அல்ல. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஓடைச் சேற்றையும் மீனையும் சோதிக்க வேண்டும். முடிவுகளை அடிவார ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும்.